ரிவேராவின் சுவரை முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

மறைமலை நகரிலிருந்தோ ஒரகடத்திலிருந்தோ டெட்ராய்ட் பக்கம் மாற்றலாகி வருகிறவர்களிடம், வீடு, கார், லைசென்ஸ் அலைச்சல் எல்லாம் ஓய்ந்த பிறகு நான் ஒன்று கேட்பேன்: "டி.ஐ.ஏ. போயாச்சா?" நயாகரா போயிருப்பார்கள். பாண்டியாக் பராசக்தி கோவிலுக்குப் பத்துத் தடவை போயிருப்பார்கள். உட்வர்ட் அவென்யூவில் இருக்கிற டெட்ராய்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்ட்ஸ் என்கிற அந்த டி.ஐ.ஏ. அருங்காட்சியகத்துக்கு மட்டும் நேரம் வாய்த்திருக்காது. போனவர்களிலும் பாதிப் பேர், மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா நான்கு சுவரிலும் கார் ஆலையை வரைந்து வைத்திருக்கும் ரிவேரா முற்றத்தில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "பெரிசா இருந்துச்சு" என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான்கு சுவர், 27 ஓவியங்கள், எண்ணி முடியாத ஆட்கள், குழாய்கள், கன்வேயர்கள். எங்கே ஆரம்பிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் தடவை போனபோது எனக்கும் அதே கதிதான். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மூன்றாவது தடவை போனபோதுதான் ஒரு வழி பிடிபட்டது. புது பிளான்ட்டில் சேர்ந்த முதல் நாள் எப்படி நடந்து பார்ப்போமோ, அப்படிப் பார்த்தால் போதும். மூலப்பொருள் எங்கே உள்ளே வருகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே வெளியே வருகிறது. கார்த் தொழிலில் இருக்கிற நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஓவியம் படித்தவர்கள் பாடுபட்டுத் தெரிந்துகொள்கிற பாதியை நாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே தெரிந்துகொண்டிருக்கிறோம்.

கிளம்பும் முன்

திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. லாங் வீக்கெண்டில் குடும்பத்தோடு போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் சொல்கிறேன். வெய்ன், ஓக்லண்ட், மேகம்ப் ஆகிய மூன்று கவுன்டிகளில் குடியிருப்பவர்களுக்கு அனுமதி இலவசம். 2012-இல் அந்த மக்கள் வாக்களித்து, தங்கள் சொத்து வரியில் ஒரு சிறு பங்கை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டதன் பலன் அது. கேன்டன், நோவை, ட்ராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ், ஸ்டெர்லிங் ஹைட்ஸ்காரர்கள் எல்லாம் இதில் அடங்குவார்கள். முகவரி உள்ள அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். ஆன் ஆர்பர்க்காரர்கள் டிக்கெட் வாங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் இரவு வரை திறந்திருக்கும். ஆனால் முதல் தடவைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த முற்றத்தின் கூரை கண்ணாடி. பகல் வெளிச்சம் மேலிருந்து இறங்கும்போதுதான் நிறங்கள் நிறங்களாகத் தெரியும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காலை பதினொரு மணிவாக்கில் போங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசை ஓவியங்கள் நல்ல உயரத்தில் இருக்கின்றன. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அருங்காட்சியகத்தின் மற்ற அறைகள் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

போகிற வழியில் தெரிந்துகொள்ள வேண்டியது

1932. அமெரிக்கா பெருமந்தத்தில் மூழ்கியிருந்தது. கார் வாங்க ஆளில்லாததால் டெட்ராய்ட் மற்ற ஊர்களைவிட மோசமாக அடிவாங்கியது. அந்த மார்ச் 7 அன்று வேலையிழந்தவர்கள் ஊர்வலமாக டியர்பார்னில் இருக்கும் ஃபோர்டின் ரூஜ் ஆலை வாசலுக்குப் போனார்கள். போலீசும் ஆலைக் காவலர்களும் சுட்டதில் நான்கு பேர் அன்றே இறந்தார்கள். காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். அடுத்த மாதம் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா, மனைவி ஃப்ரீடா காலோவுடன் டெட்ராய்டில் வந்து இறங்கினார்.

அழைத்தவர் அருங்காட்சியக இயக்குநர் வில்லியம் வாலன்டைனர். பணம் கொடுத்தவர் ஹென்றி ஃபோர்டின் மகனும் கம்பெனியின் தலைவருமான எட்சல் ஃபோர்ட். வரைய வந்தவரோ கம்யூனிஸ்ட். இது இரு தரப்புக்கும் தெரிந்தே நடந்தது. முதல் ஒப்பந்தம் வடக்கு, தெற்குச் சுவர்களின் இரண்டு பெரிய ஓவியங்களுக்கு 10,000 டாலர். ரூஜ் ஆலையைப் பார்த்த பிறகு ரிவேராவுக்கு இரண்டு சுவர் போதவில்லை. நாலும் வேண்டும் என்றார். எட்சல் சரி என்றார். கடைசியில் கூலி இருபதாயிரம் டாலரைத் தாண்டியது.

ரூஜ் ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைக்கு நம் ஊரில் ஒரு கார் பிளான்ட் என்றால் சுற்றிலும் ஐம்பது வெண்டர்கள். சீட் ஓரிடம், கண்ணாடி ஓரிடம், வார்ப்பு இன்னோரிடம். ரூஜ் அதற்கு நேர் எதிர். இரும்புத் தாதுவும் நிலக்கரியும் கப்பலில் வந்து இறங்கும். உருக்கு அங்கேயே, கண்ணாடி அங்கேயே, மின்சாரம் அங்கேயே. வளாகத்துக்குள்ளேயே ரயில் பாதை. மறுபக்கம் கார் வெளியே வரும். நல்ல காலத்தில் ஒரு லட்சம் பேர் வேலை பார்த்த இடம். ரிவேரா ஏறக்குறைய மூன்று மாதம் நோட்டும் கையுமாக இதற்குள்ளேயும் ஊரின் மற்ற ஆலைகளிலும் சுற்றினார். ஜூலை 1932-இல் வரையத் தொடங்கி மார்ச் 1933-இல் முடித்தார். அதாவது எட்டு மாதம்.

உள்ளே நுழைந்ததும்

உட்வர்ட் அவென்யூ வாசல் வழியாக வந்தால் முதலில் ஒரு பெரிய மண்டபம். அதைக் கடந்து நேராக நடந்தால் ரிவேரா முற்றம். வாசலைத் தாண்டியதும் இடமும் வலமும் இழுக்கும்; பெரிய சுவர்கள் அங்கேதான் இருக்கின்றன. இழுப்புக்கு மசியாமல் நேர் எதிரே உள்ள கிழக்குச் சுவரைப் பாருங்கள். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு செடியின் கிழங்குக்குள் சுருண்டு படுத்திருக்கும் குழந்தை. கிழங்கிலிருந்து வேர்கள் மண்ணுக்குள் இறங்குகின்றன. கூடவே கலப்பைக் கொழு. இருபுறமும் தானியமும் பழமும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள். கீழே மிச்சிகனில் விளையும் காய்கனிகள். உலகமே கார் ஊர் என்று சொல்லும் ஒரு ஊரின் கதையை ரிவேரா மண்ணிலிருந்தும் உழவிலிருந்தும் தொடங்குகிறார். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். அந்த ஜூலையில்தான் ஃப்ரீடாவுக்கு ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையில் கருச்சிதைவு ஏற்பட்டது. அதை அவர் தன் ஓவியம் ஒன்றில் ஒளிவுமறைவில்லாமல் வரைந்திருக்கிறார். அது தெரிந்த பிறகு இந்தக் குழந்தையை முன்போல் பார்க்க முடியவில்லை.

இப்போது திரும்பி, நீங்கள் நுழைந்த வாசலுக்கு மேலே பாருங்கள். மேற்குச் சுவர். ஒரு பக்கம் பயணிகள் விமானம், மறுபக்கம் போர் விமானம். அதே எதிரெதிர் ஜோடியாகப் புறாவும் பருந்தும். நடுவில் பாதி மனித முகம், பாதி மண்டை ஓடு. ஒரே தொழிற்சாலை அறிவு எந்தப் பக்கமும் போகலாம் என்பதை இவ்வளவு பச்சையாகச் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தோன்றியதுண்டு. அதற்குக் கீழே ஒரே நிறத்தில் இருக்கும் நீள்பட்டையைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். ஒரு முனையில் கப்பல்கள் வரும் டெட்ராய்ட் துறைமுகம், மறுமுனையில் அமேசான் ரப்பர்க் காடு. டயருக்கு வேண்டிய ரப்பருக்காக ஃபோர்ட் கம்பெனி 1920களின் கடைசியில் பிரேசிலில் தோட்டம் போட்டு, கையைச் சுட்டுக்கொண்டது. என்னோடு வந்த நாகர்கோவில் நண்பர் இந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ப் பால்வெட்டுக்காரங்கள இங்க கொண்டாந்து நிறுத்தின மாதிரி இருக்கு" என்றார்.

வாசலின் இருபுறமும் இரண்டு உயரமான படங்கள். ஒன்றில் நீராவிக் குழாயருகே ஒரு தொழிலாளி. கையுறையில் சிவப்பு நட்சத்திரம், சாயலில் ரிவேராவே. மற்றதில் மின்சாரம், அங்கே உட்கார்ந்திருக்கும் மேலாளர் முகத்தில் ஹென்றி ஃபோர்டும் எடிசனும் கலந்திருக்கிறார்கள். ஃபோர்ட் பணத்தில் வரைகிற சுவரில் கம்யூனிஸ்ட்களின் சிவப்பு நட்சத்திரத்தை வரைந்துவிட்டு, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

வடக்குச் சுவர்: எஞ்சின்

நுழையும்போது இடப்பக்கம் இருந்தது இதுதான். முதன்மை ஓவியம் மட்டும் ஏறக்குறைய 13.7 மீட்டர் நீளம், 5.4 மீட்டர் உயரம். இதை மேலிருந்து கீழே படியுங்கள். பொருளும் அப்படித்தான் இறங்கி வருகிறது.

உச்சியில் சாய்ந்து கிடக்கும் இரண்டு ராட்சசப் பெண்கள். ஒருத்தி சிவப்பு, ஒருத்தி கறுப்பு. இவர்களை மனித இனங்களாகவும் படிக்கலாம், மூலப்பொருளாகவும் படிக்கலாம்: இரும்புத் தாது, நிலக்கரி. ரிவேராவுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர்களுக்கு நடுவே மலையிலிருந்து எழும்பும் பெரிய பெரிய கைகள் தாதுவைப் பற்றியிருக்கின்றன. அதற்குக் கீழே பூமியை வெட்டிப் பார்த்தது போல மண்ணடுக்குகள்.

அதற்கும் கீழே ஆலை. நடுவில் மேலே ஊதுலை கனன்றுகொண்டிருக்கிறது. அங்கிருந்து வார்ப்பு, பிறகு துளையிடும் எந்திரங்கள், பிறகு அசெம்பிளி. இங்கே தயாராவது சாதாரண எஞ்சின் இல்லை. 1932-இல் ஃபோர்ட் வெளியிட்ட வி-8. எட்டு சிலிண்டர்களையும் ஒரே பிளாக்காக வார்த்து, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்குக் கொடுத்த முதல் வி-8 அதுதான். அதுவரை வி-8 பணக்காரர்களின் காரில்தான் இருந்தது. ஒரே பிளாக்காக வார்ப்பது என்றால், உள்ளே குழிவு விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணல் கோர்கள் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு கோர் நகர்ந்தாலும் பிளாக் ஸ்கிராப். கோயம்புத்தூர் ஃபவுண்டரிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். ரிவேரா வந்தபோது அது அந்த வருஷத்துப் புதுச் சரக்கு. ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

இப்போது ஏதாவது ஒரு கன்வேயரைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே அது போகிற வழியில் போங்கள். வளைந்து, எந்திரங்களுக்குப் பின்னால் மறைந்து, வேறோர் இடத்தில் எட்டிப்பார்க்கும். சுவர் முழுவதையும் கட்டி வைத்திருப்பது இந்தக் கன்வேயர்கள்தான். இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் உயரமான துளையிடும் எந்திரங்களைப் பாருங்கள். மெக்சிகோவில் டூலா என்னும் இடத்தில் டோல்டெக் காலத்துக் கல் வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களின் நிற்கும் பாணி இது. நமக்குச் சொல்வதென்றால் துவாரபாலகர்கள்.

என் அப்பா கோயம்புத்தூரில் ஃபவுண்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கோடையில் வந்திருந்தபோது இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். கல் வீரர், மண்ணடுக்கு என்று நான் அளந்துகொண்டிருந்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முன்வரிசையில் பளுவைத் தள்ளியும் இழுத்தும் சாய்ந்து நிற்கும் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கையில இழுக்கறவன் நாலு நாளைக்குத் தாங்க மாட்டான் கண்ணு. இடுப்புல இழுக்கணும். இவனுக இடுப்புல இழுக்கறானுக பாரு. இத வரைஞ்சவன் பக்கத்துல நின்னு பாத்திருக்கறான்."

அதன் பிறகு நான் இந்தச் சுவரைப் பார்க்கும்போது முதலில் இடுப்பைத்தான் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். ஒவ்வொருவரின் உடலும் அடுத்தவரின் அசைவோடு சேர்ந்து ஒரே தாளத்தில் வளைந்திருக்கும்.

இரண்டு விஷயங்களில் சுவரை அப்படியே நம்ப வேண்டாம். தனித்தனிக் கட்டடங்களில் நடந்த வேலைகளை ரிவேரா ஒரே கூரைக்குள் அடைத்திருக்கிறார்; இப்படி ஒரு ஷாப் எங்கும் இருந்ததில்லை. அடுத்தது, வெள்ளையரும் கறுப்பரும் தோளோடு தோள் நிற்பது. மற்ற கார்க் கம்பெனிகளைவிட ஃபோர்ட் கறுப்பர்களுக்கு நிறைய வேலை கொடுத்தது நிஜம். ஆனால் பெரும்பாலும் ஃபவுண்டரி போன்ற சூடும் புகையுமான இடங்களில்தான். சுவரில் இருப்பது பாதி கண்டது, பாதி ஆசைப்பட்டது.

கீழே கறுப்பு வெள்ளைச் சிறு பட்டைகள் வரிசையாக இருக்கும். குனிந்து பாருங்கள்; பலர் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு தொழிலாளியின் ஒரு நாள் அது. வந்ததும் அட்டை குத்துகிறான், வேலை செய்கிறான், சாப்பிட உட்காருகிறான். குழந்தைகள் கூட வந்திருந்தால் ஒரு வேலை கொடுங்கள்: இந்தச் சுவரில் வட்டத் தொப்பி போட்ட குண்டு மனிதர் ஒருவர் தொழிலாளர்களோடு நிற்கிறார், கண்டுபிடி என்று. ரிவேராதான் அது. உங்களுக்கு ஐந்து நிமிஷம் நிம்மதி.

தெற்குச் சுவர்: பாடி, அசெம்பிளி

திரும்பினால் எதிர்ச் சுவர். உச்சியில் வெள்ளை, மஞ்சள் நிறப் பெண்கள். சுண்ணாம்புக் கல், மணல். வடக்கில் எஞ்சின் முடிந்தது. இங்கே தகடு பாடியாகிறது, பாடி காராகிறது.

வலப்பக்கம் இருக்கும், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அந்தப் பெரிய பிரஸ்ஸை முதலில் கிட்டே போய்ப் பாருங்கள், பிறகு எதிர்ச் சுவர் வரை பின்னால் நடந்து வந்து பாருங்கள். கிட்டே அது எந்திரம். தள்ளி நின்றால் தலையும் தோளும் கால்களும் கொண்ட ஓர் உருவம். ஆஸ்டெக்குகளின் மண் தெய்வம் கோவாட்லிக்வே. பாம்புகளால் ஆன பாவாடை கட்டியவள், பெற்றவளும் அவளே, விழுங்குகிறவளும் அவளே. மெக்சிகோ நகரத்தில் கிடைத்த அவளுடைய கற்சிலையின் சாயலைத்தான் ரிவேரா இந்த எந்திரத்துக்கு ஏற்றியிருக்கிறார்.

இதைப் பற்றி இங்கே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எந்திரத்துக்குள் சாமியா, என்ன துணிச்சல் என்று. எனக்கு இது புதிதாகவே படவில்லை. அம்பத்தூரில் பிரஸ் ஷாப்பில் இருந்தபோது ஆயுத பூஜைக்கு முதல் நாள் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் துடைத்து, பிரஸ்ஸின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, முன்னால் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்போம். 'நெற்றி' என்றுதான் சொல்வோம். கை வைத்தால் கையை எடுத்துக்கொள்ளும், சோறும் போடும் என்கிற ஒன்றை வேறெப்படிப் பார்ப்பது? மெக்சிகோக்காரர் ஒருவர் அதை டெட்ராய்டில் வரைந்து வைத்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம்.

அடுத்து, லைனைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கும் கூட்டம். கோட்டும் தொப்பியுமாக நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் வியப்பு இல்லை. அந்தக் காலத்துப் பத்திரிகை காமிக்ஸ் பாத்திரங்களையும் ரிவேரா அந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டிருக்கிறார், கேலியாகத்தான். வேலை செய்கிறவர்களின் உடலில் அவ்வளவு வளைவும் வேகமும் கொடுத்தவர், வேடிக்கை பார்ப்பவர்களைக் கட்டைகளாக நிறுத்தியிருக்கிறார். பணம் கொடுத்த எட்சல் ஃபோர்டும் அழைத்து வந்த வாலன்டைனரும் வலது கீழ் மூலையில். கோவில் தூணில் திருப்பணி செய்தவர் கைகூப்பி நிற்பாரே, அந்த இடம்.

சரி, கார் எங்கே? இவ்வளவு பெரிய கார் ஆலைச் சுவரில் முழுசாகத் தயாரான கார் ஒன்றே ஒன்றுதான். நடுவில், அசெம்பிளி லைன் போய் முடியும் தொலைவில், சுண்டு விரல் அளவுக்குத் தெரியும் ஒரு சிவப்புப் புள்ளி. பைனாகுலர் கொண்டு வரச் சொன்னது இதற்கும்தான். பார்த்துப் பார்த்துச் செய்கிற ஆட்கள் ஆளுயரத்துக்கும் மேலே, செய்த பொருள் கண்ணுக்கே தெரியாத அளவில். விளம்பரத்துறையில் இருப்பவர்களிடம் இந்தச் சுவரைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பக்கக் கீழ்ப் பட்டைகளில் ஒன்றில் ஹென்றி ஃபோர்டே எஞ்சின் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். இன்னொன்றில் ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, மேம்பாலம் ஏறி பார்க்கிங்கை நோக்கிப் போகிறார்கள்.

மூலைகளும் வம்பும்

வடக்கு, தெற்குச் சுவர்களின் மேல் மூலைகளில் நான்கு சிறிய படங்கள் மிஞ்சியிருக்கின்றன. தெற்கில் இருக்கும் மருந்துத் தயாரிப்பும் ரசாயனத் தொழிலும் பரவாயில்லை ரகம். வடக்கில் இடப்பக்கம் விஷவாயுக் குண்டு செய்கிறார்கள். வலப்பக்கம் குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். இந்தத் தடுப்பூசிப் படத்தால்தான் ஊர் இரண்டுபட்டது.

கிறிஸ்துமஸ் குடில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு நொடியில் பிடிபடும். நடுவில் பொன்னிற முடியோடு குழந்தை, பக்கத்தில் வெள்ளை உடையில் தலையைச் சுற்றி வட்டம் போன்ற தொப்பியோடு நர்ஸ், முன்னால் மாடு, குதிரை, ஆடு, பின்னால் மூன்று விஞ்ஞானிகள். மாதாவும் பாலனும் மூன்று ஞானிகளும் தொழுவமும் அப்படியே இருக்கின்றன. மிருகங்கள் அலங்காரத்துக்கு நிற்கவில்லை. அம்மைப் பாலும் சீரமும் அவற்றிடமிருந்துதான் எடுக்கப்பட்டன. மார்ச் 1933-இல் திறந்தபோது மத நிந்தனை என்று பாதிரிமார்கள் கொதித்தார்கள், கம்யூனிஸ்ட் பிரசாரம் என்று வேறு சிலர். சுண்ணாம்பு அடித்து மறை என்றுகூடப் பத்திரிகைகளில் எழுதினார்கள். விளைவு, அந்த மாதம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்தாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எட்சல் ஃபோர்ட் கடைசிவரை ஓவியர் பக்கம் நின்றார். அந்த மனுஷனுக்காவது தெற்குச் சுவரின் கீழ் மூலையில் நிற்க இடம் கொடுத்தது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றும். அதே வருஷம் நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் சென்டர் சுவரில் ரிவேரா லெனினை வரையப் போக, வேலையை நிறுத்தி, 1934-இல் சுவரையே உடைத்துவிட்டார்கள்.

1950களில், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த நாள்களில், முற்றத்தின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். இவருடைய அரசியல் அருவருப்பானது, ஆனால் ஓவியம் நல்ல ஓவியம் என்று சொல்கிற பலகை. 2013-இல் டெட்ராய்ட் நகராட்சியே திவாலானபோது, கடன்காரர்களின் கண் அருங்காட்சியகச் சொத்தின் மேல் விழுந்தது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் திரட்டித்தான் அதைக் காப்பாற்றின. மற்ற ஓவியங்களைக் கழற்றி விற்கலாம். இது சுவரோடு சுவராக இருப்பது. 2014-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

தொடாமல், ஓரடி தள்ளி

கிளம்பும் முன் ஒரு பத்து நிமிஷம் கண்ணுக்கு நேராக இருக்கும் பகுதியைக் கயிற்றுக்கு வெளியே நின்று நிதானமாகப் பாருங்கள். உருவங்களின் ஓரத்தை ஒட்டி மெல்லிய தையல் போன்ற கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இருப்பது ஒரு நாள் வேலை.

இது ஈரச் சுவரில் வரைகிற முறை. ஊறவைத்த சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் கலந்த கடைசிப் பூச்சை, அன்றைக்கு வரைய முடிகிற பரப்புக்கு மட்டும் உதவியாளர்கள் பூசி வைப்பார்கள். அது காய்வதற்குள், தண்ணீரில் அரைத்த நிறப்பொடியால் ரிவேரா வரைந்து முடிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறமும் உள்ளே பூட்டிக்கொள்ளும். பசை கிடையாது, வார்னிஷ் கிடையாது. தப்பாக வரைந்தால் அழிக்க முடியாது. அந்தத் துண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ஒரு நாளுக்குப் பதினைந்து மணி நேரம்கூட வேலை செய்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோவிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களும் ஈரச் சுண்ணாம்பில் தீட்டியவைதான். அவை வெளியே தெரியவந்தது 1931-இல். ரிவேரா இங்கே சாரம் கட்டுவதற்கு ஒரு வருஷம் முன்.

சுவரில் ஏற்றும் முன் அவர் முழு அளவில் காகிதத்தில் வரைந்து பார்த்த படங்களை அருங்காட்சியகமே எங்கோ வைத்து மறந்துவிட்டது. 1979-இல்தான் ஸ்டோரில் சுருட்டிய கட்டாகக் கிடைத்தன. நம் ஸ்டோர் ரூம்கள் எவ்வளவோ தேவலை.

அப்புறம்

உள்ளேயே கிரெஸ்கி கோர்ட் என்று ஓர் இடம் இருக்கிறது, காபி குடிக்கலாம். குடித்துவிட்டு இன்னொரு தடவை முற்றத்துக்குள் போய், நடுவில் நின்று, வடக்கிலிருந்து தெற்குக்கு ஒரு சுற்று பாருங்கள். முதல் தடவை இரைச்சலாகத் தெரிந்தது இப்போது லைனாகத் தெரியும்.

அடுத்த வாரமே முடிந்தால் டியர்பார்னில் ரூஜ் ஆலைச் சுற்றுலாவுக்குப் போய்விடுங்கள்; சுவர் ஞாபகத்தில் இருக்கும்போதே. ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வார நாள் என்றால் லைன் ஓடுவதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். எஃப்-150 டிரக்குகள் அசெம்பிளி ஆவதை மேலே கட்டிய நடைபாதையிலிருந்து பார்க்கலாம். உள்ளே படம் எடுக்க விட மாட்டார்கள்.

நானும் அப்பாவும் போனது ஒரு புதன்கிழமை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்கள் கதவு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பி, "நாம அந்தத் தெக்குச் சுவத்துல நிக்கறோம்டா, வேடிக்கை பாக்க வந்த கூட்டத்துல" என்றார். பிறகு கீழே ஒருவர் தற்செயலாக நிமிர்ந்தபோது, அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். அவர் ஒரு கையில் போல்ட் முடுக்கும் கன்னைப் பிடித்தபடியே தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.